பிள்ளைகளின் படிப்பு இப்போது எங்கே இருக்கிறது?

(கல்லூரி மாணவ மாணவியருக்காகவும் அவர்களின் பெற்றோருக்காகவும் பாபநாசத்தில் நம் அறக்கட்டளை நடத்திய உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில், கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)





எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எந்த உதவித்தொகை என்பதையெல்லாம் நமக்கு முன்னால் பேசியவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு நடக்கும் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுவதற்காகக் கல்விக் குழு எங்களை அனுப்பியிருக்கிறது. இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் மதிப்பெண்ணும் வேலையும் சில வீடுகளில் பெண் பிள்ளையின் படிப்புமே இதில் அடங்கியிருப்பதால், கொஞ்சம் பொறுமையாகக் கேட்கும்படி வேண்டுகிறோம்.

முன்பெல்லாம் பிள்ளை கல்லூரிக்குப் போனால் படிப்பு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அலமாரியில் நோட்டுகள் இருக்கும். மேசையில் ரெக்கார்டு நோட்டு இருக்கும். கடைசி ஆண்டு முடியும்போது பைண்டு செய்த புராஜெக்ட் புத்தகம் ஒன்று வீட்டுக்கு வரும். அத்தாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் அதைக் கையில் எடுத்துப் பார்த்துச் சந்தோஷப்படலாம்.

இன்று அந்த நோட்டிலும் ரெக்கார்டிலும் பாதி வீட்டில் இல்லை. கல்லூரியில் சேர்ந்த சில நாட்களிலேயே பல கல்லூரிகள் பிள்ளைக்கு ஒரு புது மின்னஞ்சல் முகவரி கொடுக்கின்றன. முகவரியின் கடைசியில் கல்லூரியின் பெயர் இருக்கும். பேராசிரியர் பாடக் குறிப்பைப் போடுவது, பிள்ளை அசைன்மென்ட் அனுப்புவது, நான்கைந்து பேர் சேர்ந்து புராஜெக்ட் எழுதுவது எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான் நடக்கிறது. சில கல்லூரிகளில் கூகுள் கிளாஸ்ரூம், சில கல்லூரிகளில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், சில இடங்களில் மூடுல். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

இது என்ன?

இதை ஆங்கிலத்தில் கிளவுட் என்பார்கள். தமிழில் மேகக் கணிமை என்று எழுதுகிறார்கள். மேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாம் எழுதுவது நம் செல்போனிலோ கணினியிலோ மட்டும் இராமல், அந்தக் கம்பெனியின் பெரிய கணினிக் கூடத்தில் பதிவாகிறது. செல்போன் உடைந்தாலும் எழுதியது போகாது. இன்னொரு செல்போனில் அதே கணக்கைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரே கட்டுரையை ராஜகிரியில் ஒருவரும் அய்யம்பேட்டையில் ஒருவரும் கும்பகோணத்தில் ஒருவரும் ஒரே நேரத்தில் திறந்து எழுதலாம்.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததில்லை. கூகுள் நிறுவனம் தன் மின்னஞ்சலையும் எழுதும் கருவிகளையும் கல்வி நிறுவனங்களுக்கு என்று தனியாகக் கொடுக்கத் தொடங்கியது 2006இல். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் அதை முதலில் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று. கிளாஸ்ரூம் வந்தது 2014இல். நம் பக்கத்தில் பல வீடுகளுக்கு அதன் பெயர் தெரிய வந்தது 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கல்லூரிகள் மூடப்பட்ட பிறகுதான். அந்த ஆண்டு இறுதியாண்டுத் தேர்வு கட்டாயம் நடக்க வேண்டும் என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் முடிவை ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து தேர்வு எழுதி, தாள்களைப் படம் பிடித்து அனுப்பியதை நாமெல்லாம் பார்த்தோம். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜி.பி. இலவச இணைய வசதி தரும் டேட்டா கார்டுகளைத் தமிழ்நாடு அரசு 9 லட்சத்து 69 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு அறிவித்தது.

கொரோனா போய்விட்டது, வகுப்பறைகள் திறந்துவிட்டன. ஆனால் இந்தக் கணக்குகள் போகவில்லை. அன்று அவசரத்துக்கு வந்தவை இன்று கல்லூரியின் அன்றாட நடைமுறை ஆகிவிட்டன. அன்று நாம் இதை ‘ஆன்லைன் கிளாஸ்’ என்று நினைத்தோம். இன்னும் பல வீடுகளில் அதே நினைப்புதான் இருக்கிறது. பிள்ளை செல்போனைக் கையில் எடுத்தாலே, ‘ஆன்லைன் கிளாஸ்தான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்குப் போன்?’ என்று கேட்கிறோம். நாம் இன்று பேச வந்ததற்கு முதல் காரணம் இந்தக் கேள்விதான்.

மதிப்பெண் இதில்தான் இருக்கிறது

பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் பொதுவாக ஒரு பாடத்துக்கு 100 மதிப்பெண்ணில் 75 பல்கலைக்கழகத் தேர்வுக்கு, 25 உள் மதிப்பீட்டுக்கு. உள் மதிப்பீடு என்றால் கல்லூரியிலேயே நடக்கும் தேர்வுகளும் அசைன்மென்டும் செமினாரும். தன்னாட்சிக் கல்லூரிகளில் கணக்கு கொஞ்சம் மாறலாம். எப்படியும் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு வரும் மதிப்பெண்ணில் ஒரு பகுதி, பிள்ளை அந்தக் கணக்கில் எதை, எந்த நேரத்தில் சேர்த்தார் என்பதைப் பொறுத்திருக்கிறது.

நேரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நோட்டைக் கையில் கொடுக்கும்போது, ‘நாளைக்குத் தருகிறேன் சார்’ என்று கேட்டுக்கொள்ளலாம். கிளாஸ்ரூமில் கெடு தாண்டிப் போட்டால் தாமதம் என்று அதுவே குறித்துக்கொள்ளும். இரவு 11.59 என்று கெடு இருந்தால் 12.05க்கு அனுப்பியது தாமதம்தான். வீட்டில் ஒரே செல்போன், அது கடைக்குப் போன அண்ணனிடம் இருக்கிறது, அவர் வர இரவு பதினொன்றரை ஆகும் என்றால், அந்தப் பிள்ளை படித்தும் பயனில்லாமல் போகலாம். ரமலானில் தராவீஹ் முடிந்து வரும் நேரத்தையும் கெடுவையும் சேர்த்துப் பார்த்து, பகலிலேயே அனுப்பிவிடப் பிள்ளைகள் பழக வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இது எப்படி உதவும்?

நம் பகுதியின் பெண் பிள்ளைகள் பலர் உள்ளூர் ஆர்.டி.பி. கல்லூரியிலும், கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரியிலும், தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் கல்லூரியிலும் படிக்கிறார்கள். சிலர் திருச்சி வரை போகிறார்கள். வகுப்பு முடிந்ததும் பஸ்ஸையோ ரயிலையோ பிடிக்க ஓடி வர வேண்டும். மாலையில் கல்லூரியில் இருந்து சேர்ந்து புராஜெக்ட் எழுதுவது அவர்களால் முடியாது. முன்பு இப்படி வந்தால் அந்தப் பிள்ளையின் பெயர் குழுவில் கடைசியில் இருக்கும். வேலையை மற்றவர்கள் செய்வார்கள், பெயரை மட்டும் சேர்த்துக்கொள்வார்கள்.

பொது ஆவணம் ஒன்றில் எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து எழுதும் முறை வந்த பிறகு அந்தக் குறை தீர்ந்திருக்கிறது. மஃரிபுக்குப் பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தே பிள்ளை தன் பங்கை எழுதலாம். யார் எதை எப்போது எழுதினார்கள் என்பது அந்த ஆவணத்தின் மாற்றங்களின் வரலாற்றில் பதிவாகியிருக்கும். ஆங்கிலத்தில் வெர்ஷன் ஹிஸ்டரி என்பார்கள். பேராசிரியருக்கு எடிட் உரிமை கொடுத்திருந்தால் அவரே அதைத் திறந்து பார்க்கலாம். யாருடைய உழைப்பு யாருடையது என்பதில் வாய்ச்சண்டைக்கு இடமில்லை.

பெற்றோர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘குரூப் வேலை என்றால் ஆண் பிள்ளைகள் கையில் எங்கள் பெண்ணின் நம்பர் போகுமே?’ கேள்வி நியாயமானது. ஆனால் நம்பர் போவது வாட்ஸ்அப் குரூப்பில். அங்கே சேர்ந்தவர் எல்லோருக்கும் எல்லோருடைய நம்பரும் தெரியும். கல்லூரிக் கணக்கில் உடன் படிப்பவர்களுக்குத் தெரிவது பெயரும் கல்லூரி மின்னஞ்சல் முகவரியும்தான், செல்போன் நம்பர் தெரியாது. மகளின் கண்ணியத்தைக் காக்க விரும்பும் அத்தா, ‘எதிலும் சேராதே’ என்று சொல்லிப் படிப்பைக் கெடுக்க வேண்டியதில்லை. ‘வாட்ஸ்அப்பில் வேண்டாம், கல்லூரிக் கணக்கில் செய்து கொள்’ என்று சொல்லலாம். பேராசிரியரிடமும் பெற்றோர் சேர்ந்து இதைக் கேட்டுக்கொள்ளலாம்.

மடை யார் கையில்?

இனி எச்சரிக்கையாக இருக்க வேண்டியவற்றைச் சொல்கிறோம்.

நாம் காவிரிப் பாசனத்தில் வாழ்கிறவர்கள். வாய்க்கால் ஊருக்குப் பொது. ஆனால் எந்த மடையை யார் திறக்கலாம் என்பதற்கு ஒரு முறை உண்டு. யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று விட்டால் தலைமடையில் இருப்பவன் வயல் நிறையும், கடைமடையில் பயிர் காயும். பொது ஆவணமும் அப்படித்தான். அதைப் பகிரும்போது மூன்று உரிமைகளில் ஒன்றைக் கொடுக்கலாம். முதலாவது, பார்க்க மட்டும். இரண்டாவது, பார்த்துக் கருத்துச் சொல்ல. மூன்றாவது, எடிட், அதாவது மாற்றி எழுதவும் அழிக்கவும்.

பிள்ளைகள் அவசரத்தில் ‘லிங்க் உள்ளவர் எவரும் எடிட் செய்யலாம்’ என்று வைத்து, அந்த லிங்கை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். அங்கிருந்து அது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. விளையாட்டுக்கு ஒருவர் அழிக்கலாம், தேர்வுக்கு முந்தின நாள் இன்னொருவர் மொத்தமாகத் தன் பெயரில் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே சேர்ந்து எழுதுகிறவர்களின் முகவரிகளுக்கு மட்டும் எடிட் உரிமை கொடுங்கள். மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும் கொடுங்கள். நாலு பேர் நம்பி ஒரு ஆவணத்தை நம்மிடம் திறந்து விட்டால் அது அமானிதம். அதில் நம் பங்கை எழுதலாம். பிறர் பங்கில் கை வைக்கக் கூடாது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். கல்லூரிக் கணக்கு கல்லூரியின் சொத்து. கடவுச்சொல்லை மாற்றிக் கொடுக்கவும் கணக்கை நிறுத்தவும் கல்லூரியின் நிர்வாகிக்கு அதிகாரம் உண்டு. அதில் இருப்பதைப் பார்க்கும் வசதியும் நிர்வாகத்திடம் இருக்கக்கூடும். குடும்பப் போட்டோ, நிக்காஹ் வீடியோ, ஆதார், வங்கிப் புத்தகம், அத்தாவின் பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றை அங்கே வைக்க வேண்டாம். படிப்புக்குக் கொடுத்த இடத்தில் படிப்பு மட்டும் இருக்கட்டும்.

சாவி யாரிடம் இருக்கிறது?

கல்லூரிக் கணக்கைத் தவிர, பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் கணக்கும் கட்டாயம் வேண்டும். உதவித்தொகை விண்ணப்பம், வேலை விண்ணப்பம் எல்லாம் அதில்தான். இங்கேதான் நம் வீடுகளில் பெரிய குழப்பம்.

பிளஸ் டூ முடித்ததும் விண்ணப்பம் போட பிரவுசிங் சென்டருக்குப் போகிறோம். ‘மெயில் ஐடி இருக்கா?’ என்று கேட்பார்கள். இல்லை என்றால் அவர்களே ஒன்று உருவாக்கித் தருவார்கள். அதன் கடவுச்சொல் ஒரு துண்டுச் சீட்டில் இருக்கும். பிறகு சீட்டும் தொலைந்துபோகும். சில நேரம் மீட்பதற்கான நம்பராக அந்தக் கடையின் நம்பரே இருக்கும். சபரில் இருக்கும் அத்தாவின் நம்பரைக் கொடுத்தவர்களும் உண்டு. அவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை நேரத்தில் இருக்கும்போது ஓ.டி.பி. வரும். அவர் பார்த்துச் சொல்வதற்குள் அது காலாவதியாகிவிடும். அவர் ஊருக்கு வந்து சிம்மை மாற்றிவிட்டால் அந்த வழியும் அடைந்துவிடும்.

ஒரு மாணவியின் உதவித்தொகை விண்ணப்பத்தில் குறை இருக்கிறது, திருத்தி அனுப்பவும் என்று வந்த தகவல், யாருமே திறக்க முடியாத மின்னஞ்சலில் கிடந்ததை நம் கல்விக் குழு கண்ணால் பார்த்திருக்கிறது. கெடு முடிந்த பிறகுதான் அது தெரிந்தது. அந்த ஆண்டு அந்தப் பிள்ளைக்குப் பணம் வரவில்லை.

ஆகவே வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்போமோ, அதே கவனம் இதற்கும் வேண்டும். மீட்பு நம்பராகப் பிள்ளையின் நம்பரோ வீட்டில் இருக்கும் தாயின் நம்பரோ இருக்கட்டும். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி, பத்திரங்கள் வைக்கும் பெட்டியில் வையுங்கள். ஓ.டி.பி.யைப் போனில் கேட்பவர் யாராக இருந்தாலும், கல்லூரியிலிருந்து பேசுகிறேன் என்று சொன்னாலும், கொடுக்காதீர்கள்.

கூகுளின் சொந்தக் கணக்கில் இலவச இடம் 15 ஜி.பி. மின்னஞ்சல், டிரைவ், செல்போனிலிருந்து தானாகச் சேரும் போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்த 15. வீடு முழுவதற்கும் ஒரே கணக்கு வைத்து, எல்லோருடைய போட்டோவும் வீடியோவும் அதில் சேர்ந்தால் சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு மின்னஞ்சல் உள்ளே வராது. நேர்முகத் தேர்வு அழைப்பு வந்தாலும் திரும்பிப் போய்விடும். ஆகவே ஆளுக்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் திறக்காமல் போட்டு வைத்த சொந்தக் கணக்கை அழிக்கும் விதியையும் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. அவ்வப்போது உள்ளே போய் வர வேண்டும்.

கணக்கு மூடும் நாள்

இந்த உரையில் வேறு எதை மறந்தாலும் இனிச் சொல்வதை மறக்க வேண்டாம். கல்லூரிக் கணக்கு நிரந்தரமானது அல்ல. படிப்பு முடிந்த பிறகு ஒரு நாள் அது மூடப்படும்.

முன்பு இதில் யாரும் அவசரம் காட்டவில்லை. கல்வி நிறுவனங்களுக்குக் கூகுள் அளவில்லாத இடம் கொடுத்திருந்தது. 2021 பிப்ரவரியில் அந்தக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்தது. 2022 முதல் இலவசத் திட்டத்தில் ஒரு நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து 100 டெராபைட் என்று ஆகிவிட்டது. மைக்ரோசாஃப்டும் பிறகு கல்வி நிறுவனங்களுக்கு அதே போன்ற 100 டெராபைட் வரம்பைக் கொண்டு வந்தது. 100 டெராபைட் என்பது ஏறக்குறைய ஒரு லட்சம் ஜி.பி. 5,000 மாணவர்கள் உள்ள கல்லூரியில் பங்கு போட்டால் தலைக்கு 20 ஜி.பி. வரும். பழைய மாணவர்களின் கணக்குகளையும் வைத்துக்கொண்டே போனால் புதிதாக வருகிறவர்களுக்கு இடம் இருக்காது. ஆகவே உலகெங்கும் கல்வி நிறுவனங்கள் படித்து முடித்தவர்களின் கணக்குகளைக் குறைக்கவும் மூடவும் தொடங்கின. கல்லூரியின் பக்கம் பார்த்தால் அது நியாயம்தான். இழப்பு, முன்பே எடுத்து வைக்காத பிள்ளைக்கு.

கணக்கு அழிக்கப்பட்டால் அதன் பெயரில் இருக்கும் ஆவணங்களும் போய்விடும். நான்கு பேர் சேர்ந்து எழுதிய புராஜெக்டை ஒருவர் தன் கணக்கில் தொடங்கியிருப்பார். அவர்தான் அதன் உரிமையாளர். அவர் கணக்கு மூடப்பட்டதும் மற்ற மூன்று பேருக்கும் அது திறக்காது. ‘நாங்களும் எழுதினோமே’ என்று சொல்லிப் பயனில்லை.

படித்து முடித்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வெளிநாட்டு வேலைக்காக முயன்ற ஒரு தம்பி நம் அறக்கட்டளைக்கு வந்தார். அவர் செய்த புராஜெக்டின் விவரத்தைக் கம்பெனி கேட்டிருந்தது. அறிக்கை, வரைபடங்கள், அளவீடுகள் எல்லாம் கல்லூரிக் கணக்கில் இருந்தன. கணக்கு மூடி வெகு நாளாகியிருந்தது. அவரிடம் கையில் இருந்தது மதிப்பெண் பட்டியல் மட்டும். நான்கு ஆண்டு உழைப்பைக் காட்ட ஒரு தாள்கூட இல்லை.

இதைத் தடுப்பது கஷ்டமான வேலை இல்லை. கூகுள் கணக்கானால், டேக்அவுட் என்ற வசதி மூலம் கல்லூரிக் கணக்கிலுள்ள டிரைவையும் மின்னஞ்சலையும் சொந்தக் கணக்குக்கு நகல் எடுக்கலாம். கல்லூரி நிர்வாகம் அதை அனுமதித்திருக்க வேண்டும். நகல் முடியச் சில நாட்கள் பிடிக்கலாம் என்பதால் கடைசி நாள் வரை காத்திருக்கக் கூடாது. கிளாஸ்ரூமில் இருக்கும் பேராசிரியரின் குறிப்புகள் அப்படி வந்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். தேவையானவற்றைத் தனியாக பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளுங்கள். புராஜெக்ட் அறிக்கையை ஒரு பென் டிரைவிலும் போட்டு, ஒரு பிரதி அச்செடுத்து வீட்டில் வையுங்கள். மதிப்பெண் பட்டியலும் பட்டச் சான்றும் மத்திய அரசின் டிஜிலாக்கரில் கிடைக்கிறதா என்று பாருங்கள். 2015இல் தொடங்கிய அந்தச் சேவையில், வழங்கிய நிறுவனமே நேரடியாகப் பதிந்த சான்றுக்கு அசலுக்குரிய மதிப்பு உண்டு.

சேர்ந்து எழுதுவதும் பார்த்து எழுதுவதும்

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எல்லாம் ஒரே இடத்தில் திறந்து கிடப்பதால் அடுத்தவர் எழுதியதை எடுத்துப் போடுவது சுலபமாகிவிட்டது. மாட்டிக்கொள்வதும் அதே அளவு சுலபம். ஆய்வேடுகளில் பிறர் எழுத்தைத் திருடுவதற்கு எதிராகப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிமுறைகள் கொண்டு வந்தது. ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதத்துக்கு மேல் போனால் நடவடிக்கை தொடங்குகிறது. 60 சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்தாகலாம். இளநிலையில் இருக்கும்போதே நேர்மையாக எழுதிப் பழகினால் மேலே போகும்போது பயம் இல்லை.

நேர்மையாக எழுதுகிறவருக்கு இந்தக் கருவியே சாட்சி. ‘நீ எழுதியதுதானா?’ என்று யாராவது கேட்டால், முதல் வரியிலிருந்து கடைசித் திருத்தம் வரை நாள்வாரியாகக் காட்டலாம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு, பதிவின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வீடு செய்ய வேண்டியவை

சொன்னவற்றைச் சுருக்கமாகத் தொகுத்துத் தருகிறோம். செய்திமடலில் வரும்போது இந்தப் பகுதியைக் கத்தரித்து, பிள்ளை படிக்கும் இடத்தில் ஒட்டி வைக்கலாம்.

1. கல்லூரிக் கணக்கின் முகவரியும் கடவுச்சொல்லும் வீட்டில் ஒரு நோட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கடவுச்சொல் மறந்தால் பிரவுசிங் சென்டருக்குப் போகாமல் கல்லூரித் துறையை அணுகவும்.

2. பிள்ளையின் பெயரில் சொந்த மின்னஞ்சல் கணக்கு ஒன்று, வீட்டில் இருப்பவரின் நம்பரோடு.

3. படிக்கும் பிள்ளைக்குத் தினமும் குறிப்பிட்ட நேரம் செல்போனோ கணினியோ கிடைக்கும்படி வீட்டில் முறை வைத்துக்கொள்ளவும். வயலுக்கு முறைத் தண்ணீர் போல, அந்த நேரத்தில் மற்றவர் அதைக் கேட்கக் கூடாது. ஆணுக்கு ஒரு முறை, பெண்ணுக்கு ஒரு முறை என்று பாகுபாடு வேண்டாம்.

4. இணையம் விட்டு விட்டு வரும் இடமானால், ஆவணத்தை ‘ஆஃப்லைன்’ முறையில் வைத்து எழுதி, இணையம் வந்ததும் சேர்க்கலாம். எழுத்து வேலைக்கு டேட்டா குறைவாகத்தான் செலவாகும். டேட்டாவைத் தின்பது வீடியோதான்.

5. புராஜெக்ட் ஆவணத்தின் உரிமையாளர் யார் என்று பார்த்து, குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனி நகல் வைத்துக்கொள்ளவும்.

6. ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் அந்தப் பருவத்துக்குரியவற்றை இறக்கி வைக்கவும்.

7. கடைசி ஆண்டில், படிப்பு முடிந்து எத்தனை நாள் கணக்கு திறந்திருக்கும் என்று கல்லூரியில் கேட்டு, தேதியை எழுதி வைக்கவும்.

ஏழாவதைப் பெற்றோரும் கேட்கலாம். கல்லூரிக்குச் சென்று, ‘என் பிள்ளையின் விவரங்கள் எங்கே இருக்கின்றன, யார் பார்க்கலாம், எப்போது மூடுவீர்கள்?’ என்று கேட்பது தவறில்லை. தனிநபர் தரவுகளைக் காக்க 2023இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. படிக்காத அத்தாவும் மரியாதையாக இந்த மூன்று கேள்விகளைக் கேட்கலாம். பதில் சொல்வது அவர்களின் கடமை.

அறக்கட்டளையின் பங்கு

கணினி இல்லாத வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது டேப்லெட் வழங்க 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. உங்கள் பிள்ளையின் பெயர் கல்லூரிப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கையில் கிடைத்ததை விற்றுவிடாதீர்கள், அலமாரியில் பூட்டியும் வைக்காதீர்கள்.

அரசு எல்லோருக்கும் எல்லாமும் செய்துவிட முடியாது. சபரிலிருந்து வரும் சகோதரர்கள் வீட்டில் பயன்படுத்தாமல் கிடக்கும் மடிக்கணினியை அறக்கட்டளைக்குக் கொடுத்தால், சரிசெய்து தேவையுள்ள பிள்ளைக்குச் சேர்ப்போம். பழைய பொருள்தானே என்று தயங்க வேண்டாம். எழுதவும் படிக்கவும் அது போதும். அதில் படித்து ஒரு பிள்ளை முன்னேறினால், அந்த நன்மை கொடுத்தவருக்கும் உண்டு.

கடைசி ஆண்டுப் பிள்ளைகள் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். கல்லூரிக் கணக்கிலிருந்து நகல் எடுக்க உட்கார்ந்து உதவுகிறோம். பெண் பிள்ளைகள் தாயையோ சகோதரியையோ அழைத்து வரலாம். சென்ற ஆண்டுகளில் படித்து முடித்தவர்களும் வரலாம். கணக்கு இன்னும் திறந்திருந்தால் மீதியைக் காப்பாற்றிவிடலாம்.

பெற்றோர்களே! இரவில் உங்கள் மகள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், முதலில் பக்கத்தில் போய் உட்காருங்கள். ‘என்ன எழுதுகிறாய், எனக்கும் காட்டு’ என்று கேளுங்கள். அவள் காட்டுவாள். நமக்குப் புரியாத பாடமாக இருக்கலாம். ஆனால் பைண்டு புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்த அத்தாவைப் போல, நாமும் பிள்ளையின் உழைப்பைக் கண்ணால் பார்க்கலாம். அதைப் பார்த்த பிறகு கண்டிப்பதா, ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுப்பதா என்று நீங்களே முடிவு செய்வீர்கள்.

நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அவர்களின் உழைப்பு வீணாகாமல் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.